கடைசியா வச்ச கண்ணு

வேணாங்க்கா, நான் மேல ஏறல. குழந்தையத் தூக்கிட்டு அந்தச் சாரத்துல எப்படி ஏறறது? நீங்க அந்தப் பலகையிலயே உக்காந்து நிம்மதியா சாப்பிடுங்க, நான் கீழ நின்னே பேசறேன். கத்த வேண்டியதில்ல. நடுக்கூடத்துல நின்னு பேசினாத்தான் எதிரொலி வந்து எல்லாத்தையும் கொழப்பும். இந்தச் சின்னப் பீடத்துக்கு மேல வளைவு இருக்கு பாருங்க, உள்ளங்கையக் குவிச்ச மாதிரி, இதுக்கு அடியில முணுமுணுத்தாக்கூடத் தெளிவாக் கேக்கும். அதனாலதான் எல்லாரும் வேண்டுதல இங்க வந்து சொல்றாங்கன்னு நெனக்கறேன். பக்கத்துல தரை துடைக்கறவ காதுலயும் விழுதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

ஆமா, நான்தான் அந்தத் தரை துடைக்கறவ. நீங்க இந்தச் சுவத்துப் படத்தச் சரி பண்ண வந்த மூணு வாரமா காலையில உங்களப் பாத்து தலைய மட்டும் ஆட்டிட்டுப் போறவ. பேச வராதுன்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனக்கறாங்க. மணி அடிச்சு மெழுகுவத்தி ஏத்துவாரே கோயில்பிள்ளை, அவரு எனக்கு வச்ச பேரே வாயில்லாப் பூச்சி. இப்ப நான் பேசறதப் பாத்தாருன்னா தீர்த்தத் தொட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுவாரு. வர மாட்டாரு, பயப்படாதீங்க. பன்னெண்டு மணிக்குக் கதவச் சாத்திட்டுப் போனா மூணு மணிக்குத்தான் முழிப்பாரு. அதுக்காகத்தான் இந்த நேரமாப் பாத்து வந்தேன்.

விஷயம் இதுதான்க்கா. நேத்து நீங்க சாமியார்கிட்ட பேசினது என் காதுல விழுந்துடுச்சு. ஒட்டுக்கேக்கல, சத்தியமா. அந்தத் தூணுக்குப் பின்னாடி கீழ ஒழுகின மெழுக எடுத்துட்டு இருந்தேன். காகிதத்த வச்சு மேல சூடா இஸ்திரிப் பெட்டிய வச்சா மெழுகெல்லாம் காகிதத்துல ஏறிடும், கல்லுல கீறல் விழாது. பெட்டிய வச்சுட்டு பாதியில எந்திரிச்சு வர முடியாதுல்ல, அதான் முழுசாக் கேட்டுட்டேன். மாதா மடியில இருக்கற குழந்தைக்குக் கண்ணு வைக்க மாட்டோம், போனது போனதுதான், அந்த எடத்துல மண்ணு நிறத்துல லேசாப் பூசி விட்டுடுவோம்னு சொன்னீங்க. சாமியாரும் சரி சரின்னு தலைய ஆட்டினாரு. சனிக்கிழமை சாரத்தப் பிரிக்கறாங்களாம், நீங்களும் கிளம்பிடுவீங்களாம். அதுக்குள்ள கண்ண வச்சுடுங்கக்கா. இதக் கேக்கத்தான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல.

தெரியும். உங்க தொழில்ல அது தப்பு. எங்களுக்குத் தெரியாதத நாங்க வரைய மாட்டோம்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் வரைஞ்சாரு, அவரு கண்ண எப்படி வச்சாருன்னு யாருக்கும் தெரியாது, நாமளா ஒண்ணு வச்சா அது பொய்யாயிடும்னீங்க. ராத்திரி பூரா அதையே நெனச்சுட்டுப் படுத்திருந்தேன். உங்களுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு.

நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இந்தக் கோயில்ல எதுதான்க்கா நெசம்? பெரிய பீடத்துல முறுக்கு முறுக்கா ஆறு தூண் இருக்கே, பாக்கறவங்க எல்லாம் சலவைக்கல்லுன்னு நெனக்கறாங்க. நான் தெனமும் தொட்டுத் துடைக்கறவ. கல்லுன்னா காலையில சில்லுன்னு இருக்கணும். அது சில்லுன்னு இல்ல. மரம். கல்லுல ஓடற நரம்பு மாதிரியே யாரோ தூரிகையால கோடு இழுத்திருக்காங்க. தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், உள்ள ஒண்ணுமே கிடையாது. பின்பக்கம் போய்ப் பாத்தா பாதித் தூணுதான், கையே உள்ள போகும். அப்புறம் அந்த வலது பக்கச் சுவத்து ஜன்னல். இடது பக்கம் நெச ஜன்னல் இருக்கு, அதுக்கு ஜோடி வேணும்னு வலது பக்கம் வெறும் சுவத்துல ஜன்னல வரைஞ்சு வச்சிருக்காங்க. கம்பி, கண்ணாடி, கண்ணாடில விழற வெயில் வரைக்கும். வேலைக்கு வந்த மொத வாரம், மழை வருதேன்னு அதச் சாத்தப் போனேன். ஆமா, சிரிங்க. கோயில்பிள்ளை ஒரு மாசம் சிரிச்சாரு. தங்கம்னு ஜொலிக்குதே சம்மனசுங்க, அந்தத் தேவதூதருங்க றெக்கை, அது மெழுகுக் காகிதத்த விட மெலிசு, உரிஞ்ச எடத்துல உள்ள செங்காவி தெரியுது. அப்புறம் மேல பாருங்க, வானம் வரைக்கும் போற மாதிரி மாடி மேல மாடியா தெரியுதே, அது சும்மா தட்டைக் கூரை. தரையில அந்தக் கறுப்புக் கல்லு மேல நின்னாத்தான் மாடியாத் தெரியும். ரெண்டு அடி தள்ளி நின்னா எல்லாம் சரிஞ்சு நம்ம தலை மேல விழற மாதிரி இருக்கும்.

இவ்வளவு பொய்ய வச்சுட்டு ரெண்டு கண்ணுக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பா?

அது அந்தக் காலத்துக் கைக்காரங்க சொன்ன பொய், இப்ப நாம சொன்னா வேறங்கறீங்களா? இருக்கட்டும். நீங்க படிச்சவங்க. நான் அஞ்சாவது வரைக்கும்தான் போனேன், அதுவும் பாதி நாளு. உங்ககிட்ட வாதாட எனக்குத் தெரியாது. ஆனா கண்ணு எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்கள்ல, அது தப்பு. எனக்குத் தெரியும்.

போட்டோவா? தேடாம இருப்பேனா? போட்டோ இருந்தா வைக்கலாம்னு நீங்க சாமியார்கிட்ட சொல்லி வாய மூடறதுக்குள்ள எனக்கு வேகம் வந்துடுச்சு. நேத்து சாயங்காலம் இவளத் தூக்கிட்டு பதினோரு வீடு ஏறி இறங்கினேன். நான்! ஒரு வீட்டு வாசல்ல நின்னு தண்ணி கேக்கவே கூச்சப்படறவ. உங்க கல்யாண ஆல்பத்தக் காட்டுங்கன்னா எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. இங்க கல்யாணம் முடிச்சவங்க எல்லாரும் இந்தப் பீடத்து முன்னாடி நின்னுதான் படம் புடிச்சுக்குவாங்க. ஆனா பாருங்க, எல்லாப் படத்துலயும் மாப்பிள்ளை தலை கரெக்டா அந்தக் குழந்தை மூஞ்ச மறைக்குது. ஒரே ஒரு மாப்பிள்ளை குள்ளம். ஆஹான்னு பாத்தா, அங்க பொண்ணோட கொண்டை மறைக்குது. ஒரு ஞானஸ்நானப் படத்துல குழந்தை மூஞ்சி முழுசா இருந்துச்சு. ஆனா கேமரா வெளிச்சம் பட்டு அந்த எடம் மட்டும் வெள்ளையா பளிச்சுன்னு. இத்தனை வருஷமா இத்தனை பேரு அது முன்னாடி நின்னிருக்காங்க, ஒருத்தர் வீட்டுலயும் அந்தக் கண்ணு இல்ல.

அதனாலதான் வாயால சொல்றேன். நீங்க எழுதிக்கறீங்களா? எழுதுனாலும் எழுதாட்டியும் கேளுங்க.

அந்தக் குழந்தை நம்மளப் பாக்காது. மாதாவையும் பாக்காது. கையில ஒரு சிட்டுக்குருவிய நூலுல கட்டிப் புடிச்சிருக்குல்ல, அதையும் பாக்காது. அது வாசலப் பாக்கும். அந்தச் சின்னக் கதவு, தெரு பக்கம் தொறக்குமே, அந்தக் கதவ. யாரோ வர்ற மாதிரி. அப்பா வேலை முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டற சத்தம் கேட்டா குழந்தைங்க திரும்பிப் பாக்குமே, அந்தப் பார்வை. நிறம் கறுப்பு இல்ல. தூரத்துலருந்து பாக்கறவங்க கறுப்புன்னுதான் நெனப்பாங்க. காஞ்ச இலை நிறம், ஓரத்துல கொஞ்சம் பச்சை. வலது கண்ணு இடதுக்கு ஒரு துளி பெருசு. ரெண்டுலயும் வெள்ளையா ஒரு புள்ளி, வெளிச்சம் விழற மாதிரி. இடது கண்ணுல அந்தப் புள்ளி கொஞ்சம் வழிஞ்சு கீழ எறங்கியிருக்கும். வரைஞ்சவரு கை நடுங்கிடுச்சு போல. அந்த வழிசல்னாலதான் அது இப்ப அழுது முடிச்ச குழந்தை மாதிரி இருக்கும்.

பிரசங்க மேடைக்குப் படி ஏறுதுல்ல, அதுல மொதப் படிக்குப் பக்கத்துல ஒரு கல்லு. உடைஞ்சு ஒட்டினது. அதுல நின்னா மட்டும் அது நம்மள நேரா பாக்கும். நான்தான் கண்டுபுடிச்சேன். வேற யாருக்கும் தெரியாது. தெனம் காலையில ஆறு மணிக்கு வாளிய வச்சுட்டு, அந்தக் கல்லுல ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன். ஜெபம்லாம் இல்லக்கா. வீட்டுல அவரு ரொட்டிக் கடை அடுப்புல வேலை, ராத்திரி போயி விடியக்காலையில வருவாரு, வந்தா தூங்குவாரு. மாமியாருக்குக் காது மந்தம். ஒரு நாளைக்கு ஒருத்தராவது என்னைய முழுசாப் பாக்கணும்ல. அவ்வளவுதான்.

எப்பலருந்து கண்ணு இல்லன்னா கேக்கறீங்க?

அது... கோயில்பிள்ளை வவ்வாலுங்கறாரு. வவ்வால் மூத்திரம் பட்டா வர்ணம் போயிடுமாம். சாமியார் உப்புக் காத்துங்கறாரு. நீங்க ஈரம்னீங்க. மொதல்ல பாத்தது நீங்கதானே? வந்த அன்னிக்கே விளக்கப் புடிச்சு, ஐயோ, கண்ணு ரெண்டும் எங்கன்னு கேட்டீங்க. சாமியார் மூஞ்சி செத்துப் போச்சு. அவருக்கே அப்பத்தான் தெரியும். நீங்க வர்ற வரைக்கும் யாருமே பாக்கலக்கா. கண்ணு போயி ஏழு மாசம். தெனமும் பூசை, தெனமும் மெழுகுவத்தி, அது காலத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டுப் போறாங்க. முட்டி போட்டு அழறாங்க. ஒருத்தர்கூட நிமிந்து மூஞ்சப் பாக்கல. இன்னிக்கு யாராவது பாப்பாங்க, நாளைக்கு யாராவது பாப்பாங்கன்னு நான் தெனம் செத்து செத்துப் பொழைச்சேன்.

ஆமா, ஏழு மாசம்னுதான் சொன்னேன். சரியாச் சொல்லணும்னா ஏழு மாசம் ஆறு நாளு.

சொல்றேன். உக்காருங்க, சாப்பாட்டக் கீழ வைக்காதீங்க. அப்புறம் எறும்பு வந்துடும்.

ஆயர், சாமியாருங்களுக்கெல்லாம் பெரியவரு, வரப் போறாருன்னு எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கச் சொன்னாங்க. எனக்கு அப்ப நெறை மாசம். இந்த வயித்தோட ஸ்டூல்ல ஏறாதன்னு கோயில்பிள்ளைகூடச் சொன்னாரு, பாவம். நான் கேக்கல. மெழுகுவத்தித் தண்டு வைக்கற திட்டு இருக்குல்ல, நீங்க இப்ப காலு வச்சிருக்கீங்களே, அதத் துடைச்சுட்டு இருந்தேன். பக்கத்துல அந்தக் குழந்தை மூஞ்சி. அவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததே இல்ல. வலது கண்ணு ஓரத்துல வெள்ளையா எதுவோ. மெழுகோ, சுவத்து உப்போ, தெரியல. ஆனா பாக்க எப்படி இருந்துச்சு தெரியுமா? தூங்கி எந்திரிச்ச குழந்தைக்குக் கண்ணு ஓரத்துல பீளை இருக்குமே, அதே மாதிரி. என் கை தானாப் போயிடுச்சு. நான் யோசிக்கவே இல்ல. வயித்துல ஒண்ணு உதைச்சிட்டு இருக்கு, எதிர்க்க ஒண்ணு பீளையோட உக்காந்திருக்கு. எந்தப் பொம்பளையா இருந்தாலும் துடைப்பா.

இன்னொண்ணும் சொல்லணும். நாம வீட்டுக் குழந்தைக்குன்னா துணி முனைய நாக்குல நனைச்சுட்டுத்தானே துடைப்போம்? நானும் துணிய வாய் வரைக்கும் கொண்டு போயிட்டேன். அப்புறம், ஐயோ சாமி மூஞ்சில எச்சிலான்னு தோணுச்சு. பாவம்னு தோணுச்சு. அதனால குனிஞ்சு வாளித் தண்ணியில நனைச்சேன். மெழுகுத் தண்டு கழுவறதுக்காக சலவைச் சோடா போட்ட தண்ணி.

நீங்க வந்து மொத நாளே குச்சியில பஞ்சச் சுத்தி, வாயில வச்சு எச்சிலத் தொட்டு, மாதாவோட முந்தானையத் துடைச்சீங்க. சாமியார் பதறிட்டாரு. நீங்க சிரிச்சுட்டே, பழைய படத்துக்கு எச்சில விட நல்ல மருந்து கிடையாது, அதுதான் எதையும் கெடுக்காதுன்னீங்க. நான் அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டேன். மரியாதை பாக்காம இருந்திருந்தா அது இன்னிக்கும் கதவப் பாத்துட்டு இருந்திருக்கும்.

ஒரே தடவைதான்க்கா துடைச்சேன். வலது கண்ணு. துணிய எடுத்துப் பாத்தா கண்ணு துணியில இருக்கு. அதோட விட்டிருக்கணும். ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லாம அது என்னைப் பாத்துச்சு, நான் இதுவரைக்கும் அப்படி ஒரு பயம் பயந்ததே இல்ல. ஒத்தக் கண்ணால, கதவப் பாக்காம, என்னைய. ஸ்டூல்ல நின்ன எடத்துலருந்து அது என்னைப் பாக்கவே கூடாது, அந்த உடைஞ்ச கல்லுலருந்து மட்டும்தான் பாக்கும். ஆனா பாத்துச்சு. அந்த வேகத்துல இன்னொண்ணையும் துடைச்சுட்டேன்.

ஆமா. அது வேணும்னு செஞ்சது. மொதக் கண்ணு தெரியாம. ரெண்டாவது தெரிஞ்சே.

நீங்க திட்டல. திட்டினா நல்லாருக்கும். நேத்து சாமியார்கிட்ட சொன்னீங்களே, மத்ததெல்லாம் ஈரச் சுவத்துல வரைஞ்சது, சுவரு காயும்போது வர்ணமும் கல்லாயிடுச்சு, தண்ணி ஊத்தினாலும் போகாது, கண்ணு மட்டும் எல்லாம் காஞ்ச பிறகு கடைசியா வைப்பாங்கன்னு. அதனாலதான் அது மொதல்ல போகுதுன்னு. மூக்கு இருக்கு, வாய் இருக்கு, குருவியோட நூலு வரைக்கும் இருக்கு. இத யாராவது எனக்கு ஏழு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு காகிதத்துல எழுதி ஒட்டியிருக்கலாம். எழுத்துக் கூட்டியாவது படிச்சிருப்பேன்.

இல்ல, யார்கிட்டயும் சொல்லல. அவருகிட்டயும் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், மூணு தடவை. உள்ள அந்த மரச் சல்லடைக்கு முன்னாடி முட்டி போட்டதும் அத மட்டும் விட்டுடுவேன். மாமியார எதுத்துப் பேசினேன், கோவப்பட்டேன்னு ரெண்டு சின்னதச் சொல்லிட்டு வந்துடுவேன். சாமியார், சரிம்மா, மூணு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லும்பாரு. எங்க போய்ச் சொல்லணும்? மாதா பீடத்துல. இங்க. இது முன்னாடி.

துணியா? இருக்கு. தூக்கிப் போடுவேனா? பூசைத் துணியக் கழுவின தண்ணியையே சாக்கடையில விடக் கூடாதுன்னு உடுப்பு அறையில தனியாத் தொட்டி இருக்கு, அது நேரா மண்ணுக்குள்ள போகும். அப்ப இத எங்க கழுவறது? அந்தப் பெரிய பீடத்துல மூணாவது தூணு, உள்ள கூடா இருக்குன்னு சொன்னேன்ல, அதுலதான் ஏழு மாசமா வச்சிருந்தேன். இன்னிக்கு எடுத்துட்டு வந்தேன். இந்தாங்க, குனிஞ்சு வாங்கிக்கோங்க. அவரோட பழைய பனியன் துணிதான். பாருங்க, ரெண்டு கறை. இது வலது, இது இடது. நல்லா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தீங்கன்னா பச்சைகூடத் தெரியும்.

அதுல இருக்கற வர்ணம் அதேதானேக்கா? வெளியிலருந்து எதையும் கொண்டு வரல, பொய்யில்ல. அது கண்ணுதான். இதுலருந்து எடுத்து அங்க வச்சுட முடியாதா?

முடியாதா.

சரி. எனக்கும் தெரியும், சும்மா கேட்டேன். மடிச்சே குடுங்க.

அதுக்கப்புறம் இந்தப் பக்கத்தக் கடைசியாத்தான் துடைப்பேன். கண்ணு இருந்தப்ப அது எங்கயோ பாத்துட்டு இருந்துச்சு. கண்ணு போன பிறகு என்னைய மட்டும்தான் பாக்குது. நான் எந்த மூலையில தொடப்பத்தோட நின்னாலும் முதுகுல தெரியும். தரை துடைக்கறவ பின்னாடி நகந்து நகந்துதான் துடைப்பா, அப்பத்தான் காலு தடம் படாது. நான் இந்தப் பீடத்துப் பக்கம் மட்டும் முன்னாடி பாத்தே துடைச்சேன், முதுகக் காட்டக் கூடாதுன்னு. எல்லாக் கல்லுலயும் என் காலு தடம். கோயில்பிள்ளை, ஏன்டி, புள்ளத்தாச்சிக்கு புத்தி மழுங்கிடுச்சான்னாரு. வயித்தத் துணியால மூடிக்கிட்டு நடந்தேன். உள்ள இருக்கறத அது பாத்துடக் கூடாதுன்னு. கண்ணே இல்லாததுகிட்டருந்து எதுக்கு மறைக்கணும்? அது எனக்கே தெரியல.

நீங்ககூடக் கவனிச்சிருப்பீங்க, இவ்வளவு நேரமா உங்க காலப் பாத்துதான் பேசிட்டு இருக்கேன். மேல பாக்கல. மரியாதை இல்லன்னு நெனச்சுடாதீங்க. உங்க தோளுக்குப் பக்கத்துல அது இருக்கு.

இவளா? ஆறரை மாசம். அது நடந்து மூணு வாரம் கழிச்சுப் பொறந்தா. ஆமா, ரொம்ப அமைதி. மத்த எடத்துல கத்துவா, இங்க வந்தா மட்டும் வாயே தொறக்க மாட்டா. மொதத் தடவை தூக்கிட்டு வந்தப்பவே, இந்த வளைவுக்கு அடியில வந்ததும் கப்புனு அமைதியாயிட்டா. எல்லாரும், அடடா, மாதாவப் பாத்து மயங்கிட்டான்னாங்க.

ஏன்க்கா எறங்கறீங்க? சாப்பாடு பாதி இருக்கே. தூக்கணுமா? தூக்குங்க, உங்க கையில படம் துடைக்கற மருந்து வாசனைதான், பரவால்ல. தலையத் தாங்க வேணாம், கழுத்து நல்லா நின்னுடுச்சு. அப்படித்தான். உங்க கைக்கு நல்லாப் போறாளே.

உங்களையே பாக்கறாளா? எல்லாரும் அதான் சொல்றாங்க. பெரிய மனுஷி மாதிரி உத்து உத்துப் பாக்கறான்னு. இல்லக்கா. அவ கேக்கறா. நீங்க பேசறதுனால உங்க பக்கம் திரும்பறா. கொஞ்சம் பேசாம இருங்க, பாருங்க. ம். போயிட்டா பாத்தீங்களா, வேற பக்கம்.

அவரு வேலை முடிஞ்சு வந்ததும் சாவிக் கொத்த மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டுவாரு. கையத் தூக்கிப் புடிப்பா. பாத்தியா, பாத்தியான்னு குதிப்பாரு. மாமியாரும் கைதட்டுவாங்க. ஒரு நாள் அவரு தூங்கினதும் நான் அதே சாவிய உள்ளங்கையில இறுக்கிப் புடிச்சு, சத்தம் வராம, கிட்டக் கொண்டு போய் ஒண்ணு ஒண்ணா விரல விரிச்சேன். மூக்குக்கு முன்னாடி. கை தூக்கல. இமைகூட ஆடல. நான் சாவிய ஆணியில மாட்டிட்டு போய்ச் சோறு வடிச்சேன்.

டாக்டர் பாத்தாரு. கண்ணு நல்லாத்தான் இருக்கு, அழகா இருக்கு, உள்ள நரம்பப் பாக்கணும்னு என்னமோ பரிசோதனை எடுத்திருக்காரு. செவ்வாக்கிழமை வந்து கேக்கச் சொல்லியிருக்காரு.

தெரியும்க்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க சொல்லாமலே எனக்குத் தெரியும். அஞ்சாவது வரைக்கும் படிச்சதுக்கு அது கூடவா புரியாது? அழாதீங்க. நீங்க அழுதா இவளுக்குக் குரல் மாறுறது தெரிஞ்சுடும், பயப்படுவா. ஆனா செவ்வாக்கிழமை அந்த ரூம் வாசல்ல பெஞ்சுல உக்காந்திருக்கும்போது, இங்க அந்த எடத்துல மண்ணு நிறம் பூசியிருக்கும்னு தெரிஞ்சா, அவங்க பேரக் கூப்பிட்டதும் என்னால எந்திரிச்சு உள்ள போக முடியாது. அவ்வளவுதான்.

உங்க தொழிலுக்குக் கெட்ட பேரு வேணாம். நான் ரெண்டு கேக்கல. ஒண்ணு வச்சாப் போதும்க்கா. எந்தப் பக்கத்துக் கண்ணுன்னாலும் சரி.